அத்தியாயம் 7: பழைய ஜீப்பின் கூலிங் ஃபேனும் காற்றுப் பாதையும்

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப் பாதையில் வண்டி பெரும்பாலும் முதல் கியரிலேயே ஊர்ந்துகொண்டிருக்கும். போகிற வேகம் ஆள் நடக்கிற வேகம்தான். ஆனால் ஏற்றமும் சுமையும் சேர்ந்து இன்ஜினை விடாமல் வேலை வாங்கும். நெடுஞ்சாலையில் ஓடும்போது எதிர்க்காற்று கிரில் வழியாகத் தானே புகுந்து ரேடியேட்டரைக் குளிர்விக்கும். இந்த மாதிரிப் பாதையில் அந்த உதவி கிடையாது. ரேடியேட்டருக்கு வேண்டிய காற்று முழுவதையும் ஃபேன்தான் இழுத்துத் தர வேண்டும். சாலையில் குறையே தெரியாமல் ஓடிய வண்டி மலையில் சூடேறுவதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம் பலருக்கும் தோன்றாது. ரேடியேட்டரைக் கடந்து வரும் சூடான காற்று போனட்டுக்குள்தான் வந்து நிறைகிறது. பழைய ஜீப்கள் பலவற்றில் ஏர் கிளீனரின் வாயும் அந்தப் போனட்டுக்குள்ளேதான் இருக்கிறது. அதனால் இன்ஜின் சூடான, மெலிந்த காற்றைச் சுவாசிக்கிறது. காற்று குறைந்தால் டீசல் சரியாக எரியாது. கரும்புகை வரும், இழுவை குறையும். ஓட்டுநர் ஆக்சிலேட்டரை இன்னும் மிதிப்பார், சூடு இன்னும் ஏறும். ஃபேனையும் ஏர் இன்டேக்கையும் ஒரே அத்தியாயத்தில் சேர்த்திருப்பது இதற்காகத்தான். இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றினால் பாதிப் பலன்தான் கிடைக்கும்.

இந்த அத்தியாயம் மஹிந்திராவின் பழைய நான்கு சக்கர இயக்க ஜீப்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. அவற்றில் பரவலாகக் காணப்படும் டீசல் இன்ஜின்கள் இரண்டு. ஒன்று 2112 சிசி பெஜோ எக்ஸ்டிபி 4.90. மற்றது 2523 சிசி எம்டிஐ. இது இன்டர்நேஷனல் டிராக்டர் இன்ஜினின் வழிவந்தது. இரண்டுமே நிதானமான, உழைப்பாளி இன்ஜின்கள். சூட்டையும் தூசியையும் கிட்டே விடாமல் வைத்திருந்தால் பல ஆண்டுகள் ஓடும். வேறு பழைய ஜீப் வைத்திருப்பவர்களுக்கும் வேலை முறை இதேதான். அளவுகளை மட்டும் உங்கள் வண்டிக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

புதிதாக வாங்கும் முன்: பழையது சரியாக இருக்கிறதா?

குறையுள்ள கூலிங் சிஸ்டத்தின் மேல் புதிய ஃபேனைப் பொருத்தினால் குறை சில நாள் மறைந்திருக்கும், அவ்வளவுதான். கீழே உள்ளவற்றை இதே வரிசையில் பாருங்கள். பாதிக்கும் மேற்பட்டவை காசு செலவில்லாதவை.

1. ரேடியேட்டர் மூடி. சின்னப் பொருள் என்று இதை யாரும் கண்டுகொள்வதில்லை. கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். 2100 மீட்டர் உயரமுள்ள கொடைக்கானலில் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். 82 டிகிரியில் திறக்கத் தொடங்கும் தெர்மோஸ்டாட் முழுவதும் திறக்கவே 95 டிகிரி ஆகும். அதாவது மூடியின் ஸ்பிரிங்கோ ரப்பரோ போயிருந்தால், எந்தக் கோளாறும் இல்லாத இன்ஜின்கூட மலை உச்சியில் கொதிக்கும். 0.9 பார் அழுத்தம் தாங்கும் நல்ல மூடி இருந்தால் அதே கொடைக்கானலில் கொதிநிலை 115 டிகிரிக்குப் போய்விடும். மூடியில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். உங்கள் வண்டிக்கு நிறுவனம் சொன்ன அழுத்தத்துக்கே வாங்குங்கள். அதற்கு மேல் போனால் பழைய ரேடியேட்டரின் ஈயப் பற்று விட்டுவிடும்.

2. கூலன்ட். வெறும் குழாய்த் தண்ணீர் உப்பையும் துருவையும் சேர்க்கும். கூலன்ட்டும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதியாகக் கலந்து ஊற்றுங்கள். கொதிநிலை ஆறேழு டிகிரி உயர்வதோடு வாட்டர் பம்பும் நெடுநாள் வரும்.

3. ரேடியேட்டர் கோர். இன்ஜின் நன்றாகச் சூடானபின் அணைத்துவிட்டு, லேசர் புள்ளி காட்டும் வெப்பமானியைக் கோரின் மேல் வரிசையாகப் பிடித்துப் பாருங்கள். அக்கம்பக்கத்தைவிடத் திடீரென்று குளிர்ந்திருக்கும் பட்டை தெரிந்தால் அங்கே குழாய் அடைத்திருக்கிறது. அடைப்பு குறைவாக இருந்தால் டேங்கைப் பிரித்துக் கம்பி விட்டு அடைப்பெடுக்கலாம். அதிகமாக இருந்தால் கோரை மாற்றிவிடுங்கள். வெளிப்பக்கத் துடுப்புகளில் சேறும் பூச்சியும் அடைந்திருந்தால் இன்ஜின் பக்கமிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் அடியுங்கள். முன்னாலிருந்து அடித்தால் அழுக்கு இன்னும் உள்ளேதான் போகும். வேகம் குறைந்த தண்ணீரே போதும். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கி துடுப்புகளை மடக்கிவிடும்.

4. பெல்ட். இரண்டு புல்லிகளுக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் 10 முதல் 12 மி.மீ. வரை இறங்க வேண்டும். பெல்ட்டின் பக்கங்கள் கண்ணாடிபோல் மினுங்கினால் அது வழுக்குகிறது. இறுக்கிப் பயனில்லை, மாற்றுங்கள்.

5. கீழ் ஹோஸ். இன்ஜினை உயர் வேகத்தில் ஓடவிட்டுக் கவனியுங்கள். வாட்டர் பம்பின் உறிஞ்சலில் ஹோஸ் சப்பினால், உள்ளே இருக்க வேண்டிய சுருள் கம்பி துருப்பிடித்துப் போயிருக்கலாம், அல்லது ரப்பர் இற்றுப் போயிருக்கலாம்.

6. ஹெட் கேஸ்கட். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ரேடியேட்டர் வாயில் குமிழிகள் விடாமல் வந்துகொண்டே இருந்தால் கேஸ்கட் கசிகிறது. அதைச் சரிசெய்யும்வரை இந்த அத்தியாயத்தின் மற்ற வேலைகளைத் தொடாதீர்கள்.

வொர்க்‌ஷாப்பில் அடிக்கடி வரும் ஒரு யோசனை: “அண்ணே, தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போட்டுடலாம், சூடே ஏறாது.” சம்மதிக்காதீர்கள். தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் சாதாரண ஓட்டத்தில் இன்ஜின் சரியான சூட்டுக்கே வராது. சிலிண்டர் தேய்மானமும் டீசல் செலவும் கூடும். பைபாஸ் வழியை மூடும் வகைத் தெர்மோஸ்டாட்டாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். சூடான நீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் இன்ஜினுக்குள் திரும்பிவிடும். சந்தேகம் இருந்தால் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அதில் தெர்மோஸ்டாட்டை நூலில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். அதன்மேல் அச்சிட்ட வெப்பநிலையில் வாய் திறக்கத் தொடங்கினால் அது நல்ல நிலையில் இருக்கிறது.

ஷ்ரவுட்: முதல் செலவு இதற்கே

ரேடியேட்டர் சதுரம், ஃபேன் வட்டம். ஷ்ரவுட் இல்லாத ஃபேன் தனக்கு நேர் எதிரே உள்ள வட்டத்திலிருந்து மட்டும் காற்றை இழுக்கும். நான்கு மூலைகளும் வீணாகும். இறக்கைகளின் நுனியில் காற்று பின்னாலிருந்து முன்னால் சுழன்று திரும்பவும் வரும். ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் நடுவே நின்று, கோரின் முழுப்பரப்பிலிருந்தும் காற்றை ஃபேனிடம் கொண்டுசேர்ப்பது ஷ்ரவுட்தான். கைமாறி வந்த ஜீப்களில் ரேடியேட்டர் வேலை பார்த்தபோது கழற்றிய ஷ்ரவுட் திரும்ப மாட்டப்படாமலே போயிருப்பதை அடிக்கடி காணலாம்.

இதன் அருமையைக் கண்ணால் பார்க்க ஒரு செய்தித்தாள் போதும். இன்ஜினை 1500 சுற்றில் நிறுத்தி வைத்துக்கொண்டு, கிரிலின் முன் ஒரு முழுத்தாளை விரித்துப் பிடியுங்கள். ஷ்ரவுட் இல்லாத வண்டியில் தாளின் நடுப்பகுதி மட்டும் ஒட்டிக்கொண்டு ஓரங்கள் படபடக்கும். ஷ்ரவுட் சரியாக அமைந்த வண்டியில் நான்கு மூலையும் கிரிலோடு ஒட்டும், கையை எடுத்தாலும் தாள் நிற்கும். வேலைக்கு முன்னும் பின்னும் இதைச் செய்து பாருங்கள்.

உங்கள் வண்டிக்குரிய ஷ்ரவுட் கிடைக்காவிட்டால் தகரப் பட்டறையில் 1 மி.மீ. தகட்டில் செய்துகொள்ளலாம். அப்போது கவனிக்க வேண்டிய அளவுகள் இவை:

• ஷ்ரவுட்டின் சதுரப் பக்கம் கோரின் முழுப்பரப்பையும் மூட வேண்டும். விளிம்பில் ரப்பர் பட்டை ஒட்டி, காற்று ஒழுகாமல் அடையுங்கள்.

• வட்ட வாய்க்கும் இறக்கை நுனிக்கும் நடுவே சுற்றிலும் 20 முதல் 25 மி.மீ. இடைவெளி விடுங்கள். ரேடியேட்டர் சேஸிஸோடு நிற்கிறது. இன்ஜினோ மவுன்டிங் ரப்பர்மேல் ஆடுகிறது. இடைவெளியை இதைவிடக் குறைத்தால் மேடு பள்ளத்தில் இறக்கை ஷ்ரவுட்டை அறுக்கும். மவுன்டிங் ரப்பர்கள் தளர்ந்திருந்தால் முதலில் அவற்றை மாற்றுங்கள்.

• இறக்கையின் அகலத்தில் ஏறக்குறையப் பாதி வளையத்துக்கு உள்ளேயும் பாதி வெளியேயும் இருக்க வேண்டும். முழுவதும் உள்ளே போனாலும் முழுவதும் வெளியே நின்றாலும் காற்றின் அளவு குறையும்.

• இறக்கைக்கும் கோருக்கும் குறைந்தது 25 மி.மீ. தூரம் வேண்டும். 50 மி.மீ. கிடைத்தால் இன்னும் நல்லது.

ரேடியேட்டரின் இரு பக்கமும் மேலும் கிரிலை ஒட்டி உள்ள சந்துகளையும் ரப்பர் ஷீட்டால் அடைத்துவிடுங்கள். வண்டி நிற்கும்போதும் ஊர்ந்து போகும்போதும் போனட்டின் சூடான காற்று இந்தச் சந்துகள் வழியாகவே முன்பக்கம் வந்து மறுபடி ரேடியேட்டருக்குள் நுழையும். கிரிலின் முன் வரிசையாக மாட்டிய பெரிய விளக்குகளும் குறுக்கே பொருத்திய வின்ச்சும் காற்றை மறைப்பவைதான். மலையேறும் வண்டியில் விளக்குகளைப் பம்பரின் ஓரங்களுக்குத் தள்ளிவிடுங்கள்.

எந்த ஃபேன் யாருக்கு?

ஃபேன் பற்றி ஒரு கணக்கை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது. சுற்று இரண்டு மடங்கானால் காற்று இரண்டு மடங்காகும்; அதைச் சுழற்றத் தேவைப்படும் சக்தி எட்டு மடங்காகும். நேரடியாகப் பெல்ட்டில் ஓடும் ஃபேன், காற்று அதிகம் வேண்டிய குறைந்த வேகத்தில் மெதுவாகச் சுற்றுகிறது. காற்று தானே கிடைக்கும் நெடுஞ்சாலையில் வேகமாகச் சுற்றிச் சக்தியைத் தின்கிறது. விஸ்கஸ், எலெக்ட்ரிக் என்ற மற்ற இரண்டு வகைகளும் இந்த முரணைத் தீர்க்க வந்தவை.

நேரடிப் பெல்ட் ஃபேன். உலோக இறக்கைகள் கொண்டது, கோளாறுக்கு இடமில்லாதது. எஸ்டேட்டுக்குள்ளும் மலைப்பாதையிலும் நாள் முழுவதும் ஓடும் வண்டிக்கு நல்ல ஷ்ரவுட்டோடு இதுவே போதும். நான்கு இறக்கை உள்ள ஃபேனை அதே விட்டத்தில் ஆறு அல்லது ஏழு இறக்கை உள்ளதாக மாற்றலாம். துளை அளவும் நடு வளையமும் அப்படியே பொருந்துவதை வாங்குங்கள். துளையை ராவிப் பெரிதாக்கினால் சமநிலை கெட்டு வாட்டர் பம்ப் பேரிங் போய்விடும். இறக்கையின் வேர்ப்பகுதியில் முடிபோன்ற விரிசல் தெரிந்தாலும் அதைப் பற்ற வைக்காதீர்கள், தூக்கிப் போட்டுவிடுங்கள்.

விஸ்கஸ் ஃபேன். நடுவில் சிலிக்கான் எண்ணெய் நிரம்பிய கிளட்ச் இருக்கும். ரேடியேட்டரைக் கடந்து வரும் காற்றின் சூட்டில் முகப்பிலுள்ள உலோகச் சுருள் விரிந்து கிளட்ச்சைப் பிடிக்க வைக்கும். குளிர்ந்த காற்றில் அது வழுக்கி ஓடும். நெடுஞ்சாலையும் மலையும் கலந்து ஓடும் வண்டிக்கு இதுதான் என் முதல் சிபாரிசு. மின் வேலை எதுவும் கிடையாது, பெல்ட் ஃபேனின் நம்பகமும் இருக்கிறது. பழைய இரும்புக் கடையில் வாங்குவதானால் பார்த்து வாங்குங்கள். நடுவிலிருந்து ஆரம்போல் எண்ணெய்க் கறை தெறித்திருந்தாலோ, கையால் ஆட்டினால் நுனி தள்ளாடினாலோ வேண்டாம். பொருத்திய பிறகு, இன்ஜின் நன்றாகச் சூடேறி அணைத்ததும் கையால் சுற்றிப் பாருங்கள். கெட்டியாக எதிர்க்க வேண்டும். தடையில்லாமல் சுற்றிக்கொண்டே போனால் கிளட்ச் செத்துவிட்டது. கிளட்ச்சின் தடிமனால் ஃபேன் முன்னால் நகரும் என்பதால் கோர் இடைவெளியை மறுபடி அளந்துகொள்ளுங்கள்.

எலெக்ட்ரிக் ஃபேன். இன்ஜின் எந்தச் சுற்றில் ஓடினாலும் முழு வேகத்தில் காற்று தரும். ஆற்றைக் கடக்கும்போது அணைத்துவிடலாம்; இது பெரிய வசதி. ஓடும் பெல்ட் ஃபேன் தண்ணீருக்குள் போனால் இறக்கைகள் முன்னோக்கி வளைந்து ரேடியேட்டரைக் கிழிக்கும் ஆபத்து உண்டு. ஆனால் இதைப் பொருத்துவதென்றால் வண்டியின் மின் அமைப்பையும் சேர்த்து மாற்ற வேண்டும். அதற்குத் தயாராக இல்லாதவர்கள் விஸ்கஸோடு நின்றுகொள்வது நல்லது.

எலெக்ட்ரிக் ஃபேன் பொருத்தும் முறை

முதலில் கரன்ட் கணக்கு. ஜீப் ரேடியேட்டருக்கு உபயோகமான 16 அங்குல ஃபேன் ஏறத்தாழ 300 வாட் எடுக்கும்; அது 22 ஆம்பியர். இரவு மழையில் ஹெட்லைட்டுக்கும் வைப்பருக்கும் இன்னொரு 15 ஆம்பியர். பழைய 35, 40 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் ஐட்லிங்கில் அதில் பாதிகூடத் தராது. பேட்டரி இறங்கிக்கொண்டே போகும். ஆகவே 65 ஆம்பியருக்குக் குறையாத ஆல்டர்னேட்டர் வேண்டும். மாற்றும்போது ஒன்றைக் கட்டாயம் பாருங்கள்: பல டீசல் ஜீப்களில் பிரேக் பூஸ்டருக்கான வேக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டரின் முதுகில்தான் இருக்கிறது. அந்தப் பம்ப் இல்லாத ஆல்டர்னேட்டரை மாட்டினால் பிரேக் மிதி கல்லாகிவிடும்.

ஒயரிங் வரிசை இது:

1. பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து 4 சதுர மி.மீ. ஒயர். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 40 ஆம்பியர் ஃபியூஸ். ஒயர் நீளம் கூடினால் 6 சதுர மி.மீ. எடுங்கள்.

2. அந்த ஒயர் 40 ஆம்பியர் ரிலேயின் 30 எண் முனைக்கு. 87 எண் முனையிலிருந்து ஃபேனுக்கு.

3. 86 எண் முனைக்குச் சாவி திறந்தால் மட்டும் வரும் மின்சாரம். நடுவில் டேஷ்போர்டில் ஒரு கட்-ஆஃப் சுவிட்ச். தண்ணீரில் இறங்கும் முன் ஃபேனை நிறுத்த இது உதவும்.

4. 85 எண் முனையிலிருந்து வெப்ப சுவிட்சுக்கு, அங்கிருந்து எர்த்துக்கு. வெப்ப சுவிட்சுக்குப் பக்கவாட்டில் இன்னொரு கைசுவிட்சை இணையுங்கள். வெப்ப சுவிட்ச் பழுதானாலும் ஃபேனைக் கையால் ஓட்டி வீடு வந்து சேரலாம்.

5. ஃபேனின் எர்த் ஒயர், பெயின்ட் சுரண்டிய சேஸிஸ் போல்ட்டுக்கோ நேராகப் பேட்டரி நெகட்டிவுக்கோ போக வேண்டும்.

வெப்ப சுவிட்சை மேல் ஹோஸின் நடுவே ஒரு உலோக இணைப்பு வைத்துப் பொருத்தலாம். 82 டிகிரி தெர்மோஸ்டாட்டுக்கு 95 டிகிரியில் ஓடி 88 டிகிரிக்கு அருகில் நிற்கும் சுவிட்ச் பொருந்தும். தெர்மோஸ்டாட் திறக்கும் வெப்பத்தைவிடக் குறைவான சுவிட்சை வைத்தால் ஃபேன் ஓயாமல் ஓடும்.

ஃபேனைக் கோருக்குப் பின்னால், இழுக்கும் வகையாக, ஷ்ரவுட்டோடு வையுங்கள். கோரின் நடுவே பிளாஸ்டிக் டை விட்டுக் கட்டும் முறை வேண்டாம். அதிர்வில் குழாய்களைத் தேய்த்து ஓட்டை போடும். எல்லாம் முடிந்ததும் செய்தித்தாள் சோதனையை மறுபடி செய்யுங்கள். தாள் ஒட்டாமல் விலகினால் மோட்டார் தலைகீழாகச் சுற்றுகிறது. இரண்டு ஒயரையும் மாற்றிக் கொடுங்கள்.

ஏர் இன்டேக்: எவ்வளவு காற்று, எங்கிருந்து?

2523 சிசி இன்ஜின் 3000 சுற்றில் ஓடும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 3200 லிட்டர் காற்றை உறிஞ்சுகிறது. அதில் கலந்த தூசி வடிகட்டப்படாமல் போனால் பிஸ்டன் ரிங்கும் லைனரும் உப்புத்தாள் பட்டதுபோல் தேயும். எனவே காற்றுப் பாதைக்கு மூன்று கடமைகள்: தூசியை நிறுத்த வேண்டும், குளிர்ந்த காற்றைத் தர வேண்டும், தடையில்லாமல் தர வேண்டும். இதே வரிசைதான் முக்கியத்துவத்தின் வரிசையும்.

காற்று 10 டிகிரி சூடானால் அதன் அடர்த்தி சுமார் 3 சதவீதம் குறையும். வெளியே 35 டிகிரியும் போனட்டுக்குள் 65 டிகிரியும் இருந்தால் இன்ஜின் 9 சதவீதக் காற்றை இழக்கிறது. கொடைக்கானல் உயரத்தில் காற்று ஏற்கெனவே ஐந்தில் ஒரு பங்கு மெலிந்திருக்கிறது. டர்போ இல்லாத பழைய இன்ஜினின் டீசல் பம்புக்கு இந்த உயரமெல்லாம் தெரியாது. சமவெளியில் ஊற்றிய அளவையே ஊற்றும். மீதி டீசல் புகையாகவும் சைலன்சர் சூடாகவும் வெளியேறும். உயரத்தால் வரும் இழப்பை நம்மால் தடுக்க முடியாது. போனட்டுக்குள் இழக்கும் 9 சதவீதத்தை மீட்க ஒரு குழாய் போதும்.

ஆயில் பாத் ஏர் கிளீனர். பழைய ஜீப்களில் இருப்பது இதுதான். அடியில் எண்ணெய், மேலே கம்பி வலை. கழுவிக் கழுவிப் பயன்படுத்தலாம் என்பது இதன் சிறப்பு. ஐட்லிங்கில் காற்றின் வேகம் குறையும்போது தூசி பிடிக்கும் திறனும் குறைவது இதன் பலவீனம். வண்டி அதிகம் சாயும்போது எண்ணெய் இடம் மாறுவது இன்னொன்று. குறித்த கோட்டுக்கு மேல் ஒருபோதும் எண்ணெய் ஊற்றாதீர்கள். மிகுதி எண்ணெய் இன்ஜினுக்குள் உறிஞ்சப்பட்டால் டீசல் இன்ஜின் அதையே எரித்துக்கொண்டு கட்டுப்பாடில்லாமல் வேகமெடுக்கும். சாவியை அணைத்தாலும் நிற்காது. அப்படி நேர்ந்தால் காற்று வாயைத் தடித்த பலகையால் அடைத்து நிறுத்துங்கள். கையை வைக்கவே கூடாது.

பேப்பர் எலிமென்ட். நல்ல பேப்பர் ஃபில்டர் தூசியில் 99 சதவீதத்துக்கும் மேல் நிறுத்தும். வண்டி எப்படிச் சாய்ந்தாலும் வேலை செய்யும். டிராக்டர்களுக்கும் சிறிய லாரிகளுக்கும் வரும் இரட்டை எலிமென்ட் உலர் வகை உருளையை ஜீப்பின் போனட்டுக்குள்ளோ மட்கார்டுக்கு மேலோ பொருத்தலாம். வெளி எலிமென்ட் கிழிந்தாலும் உள்ளே இருக்கும் காப்பு எலிமென்ட் இன்ஜினைக் காக்கும். நிமிடத்துக்கு 4000 லிட்டருக்குக் குறையாமல் தாங்கும் அளவில் தேர்ந்தெடுங்கள். வாயில் தூசியைச் சுழற்றி வெளியே தள்ளும் அமைப்பு இருந்தால் மண் சாலை வண்டிக்கு மிக நல்லது.

எண்ணெய் தடவிய சிவப்புப் பஞ்சுக் கூம்பு ஃபில்டர்களைப் பலரும் ஆசைப்பட்டு வாங்குகிறார்கள். மண் சாலையில் ஓடும் பழைய டீசல் ஜீப்புக்கு அவை வேண்டாம். நுண்தூசியைப் பேப்பர் அளவுக்கு அவை நிறுத்துவதில்லை. பெட்டியில்லாமல் போனட்டுக்குள் திறந்து வைப்பதால் சூடான காற்றையும் இழுக்கும்.

குழாயும் வாயும்

குழாயின் உள்விட்டம் 63 மி.மீ.க்குக் குறையக் கூடாது. அந்த அளவில் மேலே சொன்ன 3200 லிட்டர் காற்று விநாடிக்குச் சுமார் 17 மீட்டர் வேகத்தில் போகும். 50 மி.மீ. குழாயில் அதே காற்று 27 மீட்டர் வேகத்தில் போக வேண்டும்; தடை இரண்டு மடங்குக்கும் மேலாகும். உட்சுவர் வழவழப்பான குழாயையே எடுங்கள். மடிப்பு மடிப்பான ஹோஸ் வளைவுக்கு மட்டும், சில அங்குல நீளத்துக்கு இருக்கலாம். உறிஞ்சலில் சப்பாத தடித்த ரப்பரோ சிலிக்கானோ வேண்டும். ஃபில்டருக்குப் பிந்திய இணைப்புகளுக்குப் போல்ட் போட்டு இறுக்கும் அகலக் கிளாம்ப்கள் போடுங்கள். அங்கே விழும் ஒரு மி.மீ. சந்து ஃபில்டரையே பயனற்றதாக்கும். கிராங்க்கேஸ் பிரீதர் குழாய் பழைய ஏர் கிளீனரில் சேர்ந்திருந்தால் அதையும் மறக்காமல் புதிய பாதையில் ஃபில்டருக்குப் பின்னால் இணையுங்கள்.

காற்று வாய் ரேடியேட்டருக்குப் பின்னாலும் வேண்டாம், கிரிலின் அடியிலும் வேண்டாம். ஒன்றில் சூடு, மற்றதில் தண்ணீர். போனட்டின் பக்கவாட்டுத் தகட்டில் துளையிட்டு வெளியே எடுப்பதே எளிய வழி. சைலன்சர் மேனிஃபோல்டு இல்லாத பக்கமாகப் பாருங்கள்.

ஆறு கடப்பவர்களுக்கும் தூசியில் ஒன்றன்பின் ஒன்றாகப் போகிறவர்களுக்கும், காற்று வாயை உயரே கொண்டுபோகும் ஸ்நோர்கல் குழாய் உதவும். விண்ட்ஷீல்டு மடியும் ஜீப்பாக இருந்தால் ஸ்நோர்கலின் பிடியை எளிதில் கழற்றும்படி அமையுங்கள். ஸ்நோர்கலின் தலையில் மழைநீர் வடியும் துளைகள் இருக்கின்றனவா பாருங்கள். ஃபில்டர் பெட்டியின் அடியில் உள்ள ரப்பர் வடிகால் தண்ணீரை வெளியே விட வேண்டும், உள்ளே விடக் கூடாது. சிலிண்டருக்குள் போன தண்ணீரை அழுத்த முடியாது. பிஸ்டன் ஏறும்போது கனெக்டிங் ராட் வளைந்துவிடும். ஸ்நோர்கல் காற்றுப் பாதையை மட்டுமே உயர்த்துகிறது. ஆக்சில், கியர்பாக்ஸ் பிரீதர்களையும் குழாய் போட்டு உயர்த்தாமல் ஆழத்தில் இறங்காதீர்கள்.

பாடியில் துளையிடும் முன் ஒரு வேலை: 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்திலும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்ததும் மூன்று சோதனைகள்

காற்று ஒழுகல். இன்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது காற்று வாயை ரப்பர் ஒட்டிய பலகையால் முழுவதும் மூடுங்கள். இணைப்புகள் கெட்டியாக இருந்தால் சில நொடிகளில் இன்ஜின் நின்றுவிடும். நிற்காமல் ஓடினால் எங்கோ ஒழுகுகிறது. அடுத்து, ஃபில்டருக்குப் பின்னுள்ள குழாயின் உட்சுவரில் மிக மெல்லியதாகக் கிரீஸ் பூசுங்கள். 500 கி.மீ. ஓடியபின் விரலால் தடவிப் பாருங்கள். நறநறத்தால் தூசி உள்ளே போகிறது. எந்த இணைப்பு என்று கண்டுபிடிக்கும்வரை வண்டியை மண் சாலையில் விடாதீர்கள்.

காற்றுத் தடை. கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் டியூபை U வடிவில், ஒவ்வொரு பக்கமும் 1 மீட்டர் உயரம் இருக்கும்படி ஒரு பலகையில் கட்டிப் பாதி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனையை ஃபில்டருக்குப் பின்னுள்ள குழாயில் சிறு துளை வழியாக இணையுங்கள், மறுமுனை திறந்திருக்கட்டும். ஐட்லிங்கில் தொடங்கி மெல்ல உயர் சுற்றுக்குக் கொண்டுபோங்கள். இரண்டு பக்க நீர்மட்டங்களின் வித்தியாசம்தான் உங்கள் தடை. புது ஃபில்டரில் அது 25 செ.மீ.க்குள் இருந்தால் பாதை நன்றாக அமைந்திருக்கிறது. நாளடைவில் 50 செ.மீ.யை நெருங்கினால் எலிமென்ட் மாற்றும் நேரம். சோதனை முடிந்ததும் துளையைத் திருகால் அடைத்துவிடுங்கள்.

மலை. நீங்கள் வழக்கமாக ஏறும் ஒரு பாதையைத் தேர்ந்தெடுங்கள். காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகள் இதற்கு மிகவும் ஏற்றவை. வேலைக்கு முன்பும் பின்பும் அதே சுமையோடு, அதே நேரத்தில் ஏறி, ஒவ்வொரு பத்து வளைவுக்கும் டிகிரியைக் குறித்துக்கொள்ளுங்கள். டேஷ்போர்டு முள்ளை நம்பாமல், எண் காட்டும் தனி மீட்டர் ஒன்றை இன்ஜின் ஹெட் பக்கம் சென்சாரோடு பொருத்துங்கள். 82 முதல் 95 வரை இயல்பு. ஏற்றத்தில் 100ஐத் தொட்டு இறங்கினாலும் பயமில்லை. 105ஐத் தாண்டினால் ஓரமாக நிறுத்தி, நியூட்ரலில் 1200 சுற்றில் ஓடவிடுங்கள். ஃபேனும் வாட்டர் பம்பும் சூட்டைப் படிப்படியாக இறக்கும். கூலன்ட் ஒழுகிப் போயிருந்தால் மட்டும் உடனே அணையுங்கள். எந்த நிலையிலும் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்.

பணத்தை எந்த வரிசையில் செலவிடுவது?

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் செய்ய வேண்டியதில்லை. முதலில் மூடி, கூலன்ட், பெல்ட், ஹோஸ். அடுத்து ஷ்ரவுட்டும் சந்துகளை அடைப்பதும். மூன்றாவதாக வெளிக்காற்றை எடுக்கும் குழாயும் பேப்பர் எலிமென்ட்டும். நான்காவதாக விஸ்கஸ் ஃபேன். தண்ணீர் கடப்பது உங்கள் வழக்கமானால் மட்டும் எலெக்ட்ரிக் ஃபேனும் ஸ்நோர்கலும்.

ஒவ்வொரு படி முடிந்ததும் அதே மலையில் ஏறி, குறித்து வைத்த டிகிரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பல ஜீப்களில் இரண்டாவது படியிலேயே சூட்டுப் பிரச்சினை தீர்ந்துவிடும். அப்படித் தீர்ந்துவிட்டால் மீதிப் பணத்தைப் பிரேக்குக்கும் டயருக்கும் ஒதுக்குங்கள். ஏறிய மலையிலிருந்து இறங்கவும் வேண்டுமே. அடுத்த அத்தியாயம் அதைப் பற்றியதுதான்.